பரீட்சையில் தோற்ற கணக்குப் புலி

1910-ம் ஆண்டு முடியும் சமயம். கும்பகோணம் பக்கமிருந்து வந்த ரயில் விழுப்புரத்தில் நின்றது. அதிலிருந்து ஒரு வாலிபர் இறங்கினார். குட்டையான உருவம். பருத்த உடல். ஏழ்மை தெரியும் உடை. கண்களில் மட்டும் ஒரு தனி ஒளி. கையில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம்.

விழுப்புரத்தில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. அங்கே வண்டி மாறி, இருபது மைல் தூரத்தில் உள்ள திருக்கோவிலூருக்குப் போக வேண்டும். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவரைப் பார்க்க வேண்டும். ஒரு குமாஸ்தா உத்தியோகம் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை!

அவர் பெயர் சீனிவாச ராமானுஜன். எட்டே ஆண்டுகளில் இங்கிலாந்து நாட்டின் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. உலகத்துக் கணித மேதைகளின் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால் விழுப்புரத்தில் இறங்கிய அன்று அவர் யார்? காலேஜ் பரீட்சையில் இரண்டு முறை தோற்றுப் போனவர். கல்யாணம் ஆகியும் சம்பாத்தியம் இல்லாதவர்.

கணக்கில் புலியாக இருந்த ஒருவர் பரீட்சையில் ஏன் தோற்றார்? தோற்ற பிறகு எப்படி மேலே வந்தார்? பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் வீடுகளில் தெரிந்து கொள்ள வேண்டிய கதை இது.

ஒரு மார்க் கோபம்

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய் வழிப் பாட்டி வீட்டில். பிறந்த நாள் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22. வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச அய்யங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். மாதம் இருபது ரூபாய் போலச் சம்பளம். தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். காலேஜில் படிக்கும் வெளியூர்ப் பையன்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டும் சிறிது வருமானம் வந்தது.

1897-ம் ஆண்டு ஆரம்பப் பள்ளிப் பரீட்சை நடந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலேயே ராமானுஜன்தான் முதல். ஆனாலும் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டான். காரணம், கணக்கில் அவனுக்கு 45-க்கு 42 மார்க். கூடப் படித்த சாரங்கபாணிக்கு 43! அந்த ஒரு மார்க்குக்காக நண்பனோடு பேசாமல் இருந்தான். பின்னாளில் பரீட்சையையே சட்டை செய்யாத மனிதர், சிறு வயதில் ஒரு மார்க்குக்கு அழுதவர்தான்.

அடுத்தது கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். வீட்டில் தங்கியிருந்த காலேஜ் மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சீக்கிரமே அவர்களிடம் சரக்கு தீர்ந்து விட்டது! லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் கிடைத்தது. காலேஜில் படிக்கிற புத்தகம் அது. பதின்மூன்று வயதில் அதை முடித்து விட்டான்.

1903-ம் ஆண்டு டிசம்பரில் மெட்ரிக்குலேஷன் பரீட்சை எழுதித் தேறினார். 1904-ம் ஆண்டு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் கணக்குக்கான பரிசு அவருக்குத்தான். இந்தப் பையனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்ற பொருளில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி அய்யர் மேடையிலேயே பாராட்டினார்.

வாழ்க்கையை மாற்றிய புத்தகம்

இந்தச் சமயத்தில்தான் அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. எழுதியவர் கார் என்ற ஆங்கிலேயர். லண்டனில் டியூஷன் வாத்தியார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்வது அவர் தொழில். அதற்காகச் சுமார் ஐயாயிரம் கணித முடிவுகளை வரிசையாக அச்சடித்து வைத்தார். அது எப்படி வந்தது என்ற விளக்கம் ஒரு வரி இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பரீட்சை நோட்ஸ் போன்ற புத்தகம் என்றே சொல்லலாம்.

வேறு யாராவது படித்திருந்தால் மனப்பாடம் செய்து விட்டுப் பரீட்சை எழுதப் போயிருப்பார்கள். ராமானுஜன் ஒவ்வொரு முடிவையும் தாமே போட்டுப் பார்த்தார். ஒன்றைப் போடும்போது புதிதாகப் பத்து தோன்றியது. காகிதம் வாங்கப் பணம் ஏது? சிலேட்டில் போடுவார். முழங்கையால் அழிப்பார். விடை வந்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதுவார். வழி சிலேட்டோடு போய் விடும். விடை நோட்டில் நிற்கும்.

பரீட்சைக்காகச் செய்த புத்தகம் ஒரு மேதையை உண்டாக்கியது. அந்த மேதையைப் பரீட்சை வெளியே தள்ளியது. இதை வேடிக்கை என்பதா, விதி என்பதா?

எப்.ஏ. என்ற வேலி

1904-ம் ஆண்டு கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். மெட்ரிக்குலேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷப் படிப்பு அது. பின்னாளில் இன்டர்மீடியட் என்று பெயர் மாறியது. இன்றைய பிளஸ் 2 படிப்புக்குச் சமம் என்று வைத்துக் கொள்ளலாம். நல்ல மாணவர் என்பதால் உபகாரச் சம்பளமும் கிடைத்தது.

ஆனால் எப்.ஏ. படிப்பில் கணக்கு மட்டுமா இருந்தது? ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோமானிய சரித்திரம், உடலியல் எல்லாம் உண்டு. ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர எதிலும் மனம் ஒட்டவில்லை. வகுப்பில் சரித்திரப் பாடம் நடக்கும். இவர் நோட்டில் கணக்குப் போட்டுக் கொண்டிருப்பார். ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உபகாரச் சம்பளம் பறிபோனது. ஒரு தவணைக்குக் கல்லூரிச் சம்பளம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாதச் சம்பளம்!

தாய் கோமளத்தம்மாள் நேரே பிரின்சிபாலிடம் போனார். கணக்கில் என் மகனுக்கு இணை யார், அவனுக்கு எப்படி உபகாரச் சம்பளத்தை நிறுத்தலாம் என்று வாதாடினார். பிரின்சிபால் மரியாதையாகவே பேசினார். ஆனால் சட்டம் சட்டம்தான் என்று சொல்லி அனுப்பி விட்டார்.

1905-ம் ஆண்டு ஆகஸ்டில் ராமானுஜன் வீட்டை விட்டு ஓடிப் போனார். விசாகப்பட்டினம் வரை போனார். மகனைக் காணோம் என்று பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்கும்படி ஆயிற்று. எப்படியோ வீடு திரும்பினார்.

1906-ம் ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். எழும்பூர் நிலையத்தில் வந்து இறங்கியவர், அசதியில் அங்கேயே தூங்கி விட்டார். முன்பின் தெரியாத ஒருவர் எழுப்பி, தம் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போட்டு, கல்லூரிக்கு வழி சொல்லி அனுப்பினார். அந்தப் புண்ணியவானின் பெயர் சரித்திரத்தில் இல்லை.

பச்சையப்பன் கல்லூரியிலும் அதே கதை. மூன்று மணி நேரக் கணக்குத் தாளை அரை மணியில் முடித்து விடுவார் என்று கூடப் படித்தவர்கள் சொல்வார்கள். உடலியலில் பத்து மார்க்கைத் தொடுவதே கஷ்டம். ஒரு முறை ஜீரணத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. நாலு வரி எழுதி விட்டு, இந்தப் பாடம் எனக்கு ஜீரணமாகவில்லை, இது ஜீரணமாகாமல் வந்த மிச்சம் என்று எழுதிக் கொடுத்து விட்டாராம்! தாளில் பேர் போடவில்லை. வாத்தியாருக்கு ஆள் யாரென்று உடனே தெரிந்து விட்டது.

நடுவே வயிற்றுக் கடுப்பு நோய் வந்து ஊருக்குத் திரும்பினார். 1906 டிசம்பரில் எப்.ஏ. பரீட்சை எழுதினார். தோல்வி. 1907 டிசம்பரில் தனியாகப் படித்து எழுதினார். மறுபடியும் தோல்வி. அதோடு அவருடைய பரீட்சை வாழ்க்கை முடிந்தது.

பரீட்சை வைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதும்போது எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டும். விடைத் தாள் திருத்துகிறவருக்கு எழுதியவன் முகம் தெரியக் கூடாது. ஏழையா பணக்காரனா என்பதும் தெரியக் கூடாது. அதனால்தான் ஏழைப் பிள்ளையும் முதல் மார்க் வாங்க முடிகிறது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு, கணக்கில் சாதாரணமாகத் தேறியவனும் ராமானுஜனும் ஒன்றுதான். ஐந்து பாடத்தில் ஒன்றில் தவறினால் இருவருமே தோற்றவர்கள்தான். இன்றைய முறை எவ்வளவோ தேவலை. பிளஸ் 2 வகுப்பில் விருப்பமான பாடப் பிரிவை எடுத்துக் கொள்ளலாம். ஒரு பாடத்தில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். சில வாரங்களிலேயே துணைத் தேர்வு வந்து விடுகிறது. கணக்கு எடுத்த பிள்ளையை உடலியல் எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

திருக்கோவிலூரில் கிடைத்த பதில்

1909-ம் ஆண்டு ஜூலையில் ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குப் பத்து வயது போல. அந்தக் காலத்து வழக்கம் அது. இனிமேல் வேலை தேடித்தான் ஆக வேண்டும். டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். பி.ஏ. பரீட்சைக்குப் படிக்கிற ஒரு மாணவருக்குக் கணக்குச் சொல்லித் தரப் போனார். பாடத்தில் இருப்பதைச் சொல்லாமல், முடிவில்லாத சிறு எண்களின் தத்துவத்தில் தொடங்கி எங்கோ போய் விட்டார். பதினைந்து நாளில் டியூஷன் நின்றது. பரீட்சை எழுதவும் வராது, பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கவும் வராது!

அப்போதுதான் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி அய்யரின் நினைவு வந்தது. 1907-ம் ஆண்டு இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். சீமையில் வெளிவந்த கல்விப் பத்திரிகைக்குக் கணக்குகள் எழுதி அனுப்புவார். இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் காலேஜ் பேராசிரியராகத்தான் இருப்பார் என்று நினைத்து அந்தப் பத்திரிகைக்காரர்கள் அவரைப் பேராசிரியர் என்றே குறிப்பிட்டார்கள். அதிலிருந்து நண்பர்களுக்கும் அவர் பேராசிரியர்தான். சர்க்கார் உத்தியோகமோ வருவாய் இலாகாவில்!

திருக்கோவிலூர் தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். அன்று தென்னார்க்காடு ஜில்லா; இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். மூன்றடியால் உலகளந்த பெருமாள் கோவில் கொண்ட இடம். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று இருந்த இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்ததாகச் சொல்லப்படுவதும் இங்கேதான். எண்ணிக்கைக்கும் அளவுக்கும் பேர் போன ஊருக்குத்தான் ராமானுஜன் வேலை கேட்டு வந்தார் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தாலுகா ஆபீசிலோ வேறு எங்கோ ஒரு குமாஸ்தா வேலை வேண்டும் என்றார். ராமசாமி அய்யர் சான்றிதழ் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கணித முடிவுகள். அவருக்கே புதியவை. வேலை கொடுப்பது அவருக்குப் பெரிய காரியம் அல்ல. ஆனால் இந்த மூளையை வருவாய் இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைத்தால் அது அங்கேயே அவிந்து விடும் என்று நினைத்தார். வேலை கொடுக்க மறுத்து விட்டார்! அதற்குப் பதிலாகச் சென்னையில் உள்ள கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பசியோடு வந்தவனுக்கு வேலை கொடுக்காதது இரக்கமா என்று சிலர் கேட்கலாம். அன்று அந்த வேலை கிடைத்திருந்தால், நிலவரிக் கணக்கு எழுதிய நல்ல குமாஸ்தா ஒருவரோடு கதை முடிந்திருக்கும்.

ராமானுஜன் சென்னைக்குப் போனார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், செங்கற்பட்டு வழியாகச் செல்லும் அதே ரயில் பாதையில்தான் போயிருக்க வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்பு பச்சையப்பன் கல்லூரியில் சேரவும் அந்த வழியாகத்தான் போனார். அப்போது பரீட்சையை நம்பிப் போனார். இப்போது ஒரு கடிதத்தை நம்பிப் போனார்.

முதல் மார்க்காரர் செய்த உதவி

கடிதம் பேராசிரியர் சேஷு அய்யரிடம் சேர்ந்தது. அவர் மூலமாக நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்க வழி பிறந்தது. ராவ் முதலில் நம்பவில்லை. இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார். பிறகு ராமானுஜன் எளிய கணக்கில் தொடங்கிப் படிப்படியாக விளக்கவே அசந்து போனார். என்ன வேண்டும் என்று கேட்டார். வயிற்றுக்குச் சோறும், கணக்குப் போட ஓய்வும் இருந்தால் போதும் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தார் ராவ்.

பிறர் பணத்தில் வாழ ராமானுஜனுக்கு மனமில்லை. 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கர் நாராயண அய்யரும் ஒரு கணிதப் பிரியர். இருவரும் இரவில் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார்கள்.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகப் படிப்பு எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லி விட்டார். பக்கம் பக்கமாகக் கணித முடிவுகளை இணைத்திருந்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் நடு இரவு வரை அதைப் பார்த்தார்கள். எழுதியவர் மாபெரும் மேதை என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்த மாதம் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துரை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவர் யார் தெரியுமா? 1889-ம் ஆண்டு கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர்! அந்தப் பரீட்சையில் முதலாவது வருவது இங்கிலாந்து முழுவதும் பேசப்படும் பெருமை. கார் புத்தகம் எழுதியதும் அந்தப் பரீட்சைக்காகத்தான். முதல் மார்க் வாங்கிய அவர், எப்.ஏ. தேறாத குமாஸ்தாவின் நோட்டைப் பார்த்தார். உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். இவருக்குக் கணக்கு ஒன்றைத் தவிர வேறு கவலை இல்லாமல் செய்ய வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் வாதம் எழுந்தது. ஆராய்ச்சிச் சம்பளம் எம்.ஏ. தேறியவர்களுக்குத்தான். இவரோ எப்.ஏ. கூடத் தேறவில்லை. இரண்டு முறை தோற்கடித்ததே இந்தப் பல்கலைக்கழகம்தான்! உயர் நீதிமன்ற நீதிபதி சுந்தரம் அய்யர் சட்டத்தையே எடுத்துக் காட்டினார். பல்கலைக்கழகம் ஏற்பட்ட நோக்கங்களில் ஆராய்ச்சியை வளர்ப்பதும் ஒன்று என்று அந்தச் சட்டம் சொல்கிறதே என்று கேட்டார். வாதம் ஜெயித்தது. 1913-ம் ஆண்டு மே முதல் மாதம் 75 ரூபாய் கிடைத்தது. கும்பகோணத்தில் தாய் கேட்டபோது வளையாத சட்டம் இப்போது வளைந்தது.

சீமையில் பட்டம்

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டி அவருக்கு நண்பர், ஆசான் இரண்டும் ஆனார்.

ஹார்டிக்கும் பரீட்சை என்றாலே கசப்பு. கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் நாலாவதாக வந்தவர்தான் அவர். ஆனாலும் மாணவர்கள் உண்மையான கணிதத்தை விட்டு விட்டு, கேள்வித் தாளை ஜெயிக்கும் தந்திரத்தைப் படிக்கிறார்கள் என்று குறை சொன்னார். அவரும் மற்றவர்களும் போராடியதால், முதலாவது இரண்டாவது என்று வரிசைப்படுத்திப் பேர் படிக்கும் வழக்கம் 1909-ம் ஆண்டோடு நின்றது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஹார்டி விட்டுக் கொடுக்கவில்லை. விடை மட்டும் போதாது, அது சரி என்று நிரூபிக்கவும் வேண்டும் என்றார். ராமானுஜன் கடிதத்தில் எழுதியிருந்த சில முடிவுகள், முக்கியமாகப் பகா எண்களைப் பற்றியவை, தவறாகவும் இருந்தன. முறையாகப் படிக்காததால் வந்த குறை அது. ஆகவே, ராமானுஜனே பரீட்சையில் தோற்றவர்தானே என்று சொல்லிப் புத்தகத்தை மூடி வைக்கும் தம்பிகள் இதையும் கவனிக்க வேண்டும்!

இருவரும் சேர்ந்து செய்த கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4 அப்படியே ஒன்று. 3-ம் 1-ம். 2-ம் 2-ம். 2-ம் 1-ம் 1-ம். நாலு ஒன்றுகள். மொத்தம் ஐந்து விதம். ஒரு குழந்தை கூடச் சொல்லி விடும். 100-ஐ எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! உட்கார்ந்து எண்ணினால் ஆயுள் போதாது. எண்ணாமலே விடை சொல்ல இருவரும் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள்.

1916-ம் ஆண்டு மார்ச்சில் அவருடைய ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எழுதித் தேறாத பரீட்சைகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 1918-ம் ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ பதவியும் கிடைத்தது.

அதற்குள் உடம்பு கெட்டு விட்டது. குளிர், யுத்த காலத்துப் பஞ்சம், சைவச் சாப்பாடு கிடைக்காத கஷ்டம். மருத்துவமனையிலேயே நெடுநாள் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக எழுதியது. 1919-ம் ஆண்டு ஜனவரியில் ராமானுஜன் அதற்குப் பதில் எழுதினார். அவ்வளவு பணம் தமக்கு வேண்டாம் என்றார். பெற்றோருக்கு ஒரு பகுதி, தம் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு பகுதி. மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் ஊரை விட்டு ஓடிய பையனை அவர் மறக்கவில்லை.

1919-ம் ஆண்டு மார்ச்சில் இந்தியா திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார். ஜானகி அம்மாள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கொண்டார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் காலமானார். வயது 32.

அவருடைய நோட்டுப் புத்தகங்களை, அவர் கையெழுத்து அப்படியே தெரியும்படி, 1957-ம் ஆண்டு பம்பாயில் உள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையம் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. ஒவ்வொரு முடிவுக்கும் நிரூபணம் எழுதி முடிக்க, புரூஸ் பெர்ண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மூல நோட்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூல் நிலையத்தில் இருக்கின்றன.